புதுப்பிப்பு: பழைய டீசல் வேன், காலை ஸ்டார்ட்டிங் தொல்லை தீர்ந்தது

காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் வேன் ஸ்டார்ட் ஆகிறது, அப்புறமும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

குளிர்ந்த டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றித் தரும் க்ளோ பிளக்குகளை மல்டிமீட்டரில் பார்த்தேன். மூன்று 1 ஓமுக்குள் காட்டின, நாலாவது ஓப்பன், அதாவது உள்ளே அறுந்து கரண்டே போகவில்லை. அதை மாற்றியதும் வெள்ளைப் புகை குறைந்தது. ஐடிலிங் மட்டும் அப்படியே.

டீசல் பம்புக்கு முன்னால் ஒரு துண்டு, உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் போட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. கடுகளவு காற்றுக் குமிழ்கள் வரிசையாக ஓடின! ஃபில்டர் மேலுள்ள ஹேண்ட் பிரைமரின் (கையால் அழுத்தி டீசல் ஏற்றும் சின்ன பம்ப்) ரப்பர் சீலில் விரிசல். நான் எதிர்பார்க்காதது, வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. அது டீசல் பம்ப் உறிஞ்சும் பக்கம், விரிசல் வழியாகக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். கசிவைத் தேடியே நாளை வீணாக்கிவிட்டேன்.

சீல் மாற்றி, டீசல் லைனில் இருந்த ஏரை வெளியேற்றியபின், இரண்டு வாரமாக முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலிங்கும் ஆடாமல் நிற்கிறது.