26 தடவை ‘ஐ நோ’

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். போனில் என் பேரைச் சொல்வதற்குள் நாலு தடவை முட்டும். அதனால் அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’, 1971. அதில் வரும் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ காபிக் கடைகளில் அரைகுறையாகக் காதில் விழுந்ததுதான். ஒரு ராத்திரி ஹெட்போனில் முழுசாகக் கேட்டபோது நடுவில் அந்த ‘ஐ நோ’ வந்தது. அதையே 26 தடவை பாடுகிறார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷனோ அதிலேயே குடியிருக்கிறார். டிரம்ஸ் மட்டும் கூடவே நடக்கிறது.

அப்புறம் தேடிப் படித்தால், அவருக்கும் 28 வயது வரை திக்குவாயாம்!

‘ஐ நோ’ வரும் இடத்தில் வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார். ஸ்டுடியோவில் இருந்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், டிரம்ஸ் அல் ஜாக்சன், கிடார் ஸ்டீபன் ஸ்டில்ஸ் என்று எல்லாரும் பேர்போனவர்கள். இவர் விமானக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த 32 வயது ஆள். சரி என்று விட்டுவிட்டார். ஆல்பம் அட்டையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தத் தொழிற்சாலைச் சுவரருகேதான் நிற்கிறார். படம் எடுத்தது மதிய இடைவேளையில். சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாடகர்கள் பளபள கோட்டில் வந்த காலத்தில் இப்படி ஓர் அட்டை! உள்ளேயும் அதே எளிமைதான், பல பாட்டுகளுக்கு அவருடைய சாதா கிடார்தான் முதுகெலும்பு.

இன்னொரு வேடிக்கை: சிங்கிளில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டில், ‘ஹார்லெம்’ என்ற பாட்டுதான் முதல் பக்கம், ‘சன்ஷைன்’ பின்பக்கம். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதால் ‘சன்ஷைன்’ ஓடியது, கிராமி விருது வரை.

—

இதைப் படித்த ஒருவரின் பதில்: அண்ணா, ‘சன்ஷைன்’ சரி. எனக்கு அதற்கு அடுத்த பாட்டுதான், ‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’. ரெண்டே நிமிஷம். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்தவர், சர்ச்சில் கைதட்டிய பாட்டியை நினைத்து எழுதியது. அந்தக் கைகள் சில நேரம் வலித்து வீங்கும் என்று ஒரு வரி வருகிறது, கவனித்தீர்களா? அறுப்பு முடிந்த ராத்திரிகளில் எங்கள் அப்பத்தா கையை நீட்டும், நான் வேப்பெண்ணெய் தேய்த்துவிடுவேன். முதல் தடவை அந்த வரி வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். அப்பத்தா தூங்கிவிட்டதாம்.