நெற்களக் காங்கிரீட்டில் உமிக்கரி சேர்க்கலாமா?

கேள்வி – மன்னார்குடி விவசாயி

வணக்கம். குறுவை அறுப்புக்குள் நெல் காயவைக்கக் காங்கிரீட் களம் ஒன்று போட இருக்கிறேன். எங்கள் பக்கத்து அரிசி ஆலையில், பாய்லரில் எரித்த உமியின் கறுப்புச் சாம்பலை வாய்க்கால் கரையில் கொட்டி வைக்கிறார்கள். காற்றடித்தால் நாற்றங்கால் முழுவதும் கரி படிகிறது. சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து உயிர்க்கரி சேர்க்கலாம் என்று படித்தேன். இந்தச் சாம்பலையே சேர்க்கலாமா? எவ்வளவு சேர்க்கலாம்?

மறுமொழி – தஞ்சாவூர் கட்டடப் பொறியாளர்

ஐயா, இரண்டும் வெவ்வேறு பொருள்கள். காற்றை மட்டுப்படுத்தி 400 முதல் 600 டிகிரி வெப்பத்தில் உமியைக் கருக்கினால் கிடைப்பது உயிர்க்கரி. நம் பாட்டிமார் பல் துலக்கிய உமிக்கரியும் ஏறத்தாழ அதுவே. முழுதும் எரிந்து வெளுத்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. 700 டிகிரிக்கு மேல் போகாமல் எரித்து நுண்மையாக அரைத்தால், அந்தச் சிலிக்கா சிமெண்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்போடு சேர்ந்து வலுத் தரும். பாய்லர் சாம்பல் இரண்டுக்கும் நடுவில் நிற்பது; அதன் குணம் நாளுக்கு நாள் மாறுவதால் அதை அப்படியே கலக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உயிர்க்கரி என்றால் சிமெண்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும், அதாவது 50 கிலோ மூட்டைக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ. 5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் வலு குறையும். சிமெண்டுக்காகச் சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் கட்டி ஒரு டன்னுக்கு 800 கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும் நிலையில் இது சிறு சேமிப்புதான். ஆனாலும் கரியிலுள்ள கார்பன் களத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

மறுமொழி – திருவாரூர் மேஸ்திரி

தம்பி, மாட்டுக்கொட்டகைத் தரைக்கு நான் ஒருமுறை உலர்ந்த கரியை அப்படியே கொட்டிக் கலக்கினேன். கரி தண்ணீரைக் குடித்துவிட, கலவை கரண்டியில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது; ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மாதத்தில் தரை மேல்பரப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கரியை மாவாகச் சலித்து, முதல் நாளே நனைத்து, மேல்நீரை வடித்துவிட்டுச் சேர்த்திருக்க வேண்டும்.

மறுமொழி – தஞ்சாவூர் கட்டடப் பொறியாளர்

மேஸ்திரி சொல்வது மிகச் சரி. நனைந்த கரி உள்ளே வைத்திருக்கும் ஈரத்தை மெல்ல விடும் என்பதால் காங்கிரீட் உலராமல் ஈரத்திலேயே இறுக உள்ளிருந்தே உதவும். இருந்தாலும் சாக்கு விரித்து நனைப்பதை விட்டுவிடாதீர்கள். கரி சேர்த்தும் சேர்க்காமலும் 150 மில்லிமீட்டர் கட்டிகளைத் தனித்தனியே வார்த்து, 7, 28 நாள்களில் நசுக்கிப் பார்த்த பிறகே களத்தைத் தொடங்குங்கள். கம்பி கட்டும் தூண், விட்டம் ஆகியவற்றுக்கு இது இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி அண்ணே. பாய்லர் சாம்பலை விட்டுவிட்டு, கரியைத் தனியாகக் கருக்கி, முதலில் களத்தின் ஒரு மூலையில் மட்டும் ஒரு சதவீதத்தில் போட்டுப் பார்க்கிறேன்.