உதவி: ஆன்சிபிளில் பீர்டியூப் நிறுவினால் 502 மட்டும் வருகிறது

தறிக்கார_தம்பி:
பீர்டியூப் (சொந்த சர்வரில் நடத்தும் வீடியோ தளம்) நிறுவ ஆன்சிபிளில் (சர்வர் வேலைகளைத் தானாகச் செய்யும் கருவி) எழுதிய பிளேபுக், அதாவது வேலைப் பட்டியல், கடைசிவரை பச்சையாக ஓடி முடிகிறது, ஒரு டாஸ்க்கும் ஃபெயில் ஆகவில்லை, ஆனால் பிரவுசரில் திறந்தால் 502 பேட் கேட்வே. பழைய சர்வரில் இதே பிளேபுக் ஒழுங்காக ஓடியது. நாளைக்குள் எங்கள் நாடகக் குழுவின் வீடியோக்களை ஏற்றியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

மெய்நிகர்:
எந்த ஓஎஸ்? டாக்கரிலா (ஆப்பைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை), நேரடியா? லாக் எங்கே?

கடலோரம்:
ரேம்தான். சின்ன சர்வர் என்றால் பீர்டியூபை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸைக் (சுருக்கமாக நோட்) கர்னல் கொன்றுவிடும். ஸ்வாப் (டிஸ்க்கில் ஒதுக்கும் கூடுதல் நினைவகம்) போட்டுப் பாருங்கள்.

பழைய_டெபியன்:
502 என்றால் முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னால் 9000 போர்ட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. இதுகூடத் தெரியாமல் ஆட்டோமேஷனில் இறங்கக் கூடாது தம்பி, முதலில் ஒரு தடவை கையால் நிறுவிப் பழகுங்கள். சர்வீஸைக் கிளப்பிவிட்டதோடு ஆன்சிபிள் பச்சை காட்டிவிடும், கிளம்பிய மறு நொடி நோட் செத்தாலும் அதற்குத் தெரியாது. கடைசியில் வெயிட்_ஃபார் (போர்ட் திறக்கும்வரை காத்திருக்கும் டாஸ்க்) போட்டு 9000-ஐப் பார்க்க வையுங்கள்.

தறிக்கார_தம்பி:
புதுசு டெபியன் 12, பழையது 11. ரேம் 4 ஜிபி. டாக்கர் இல்லை. ஜர்னலில் (சிஸ்டம் லாக்) ‘பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது.

மெய்நிகர்:
இந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் டெபியன் 11-இல் பதிப்பு 13, 12-இல் 15. யார் வேண்டுமானாலும் பப்ளிக் ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் டேபிள்கள் இருக்கும் பகுதி) டேபிள் உருவாக்கலாம் என்றிருந்ததை 15-இல் எடுத்துவிட்டார்கள், இப்போது டேட்டாபேஸ் ஓனருக்குத்தான் அது தானாகக் கிடைக்கும். உங்கள் டாஸ்க்கில் ஓனர் வரி இல்லையென்றால் ஓனர் போஸ்ட்கிரெஸ் யூசர்தான். பீர்டியூப் யூசருக்கு கிராண்ட் ஆல் (எல்லா அனுமதியும்) கொடுத்திருந்தாலும் அது டேட்டாபேஸோடு நின்றுவிடும், ஸ்கீமாவுக்குப் போகாது. டேட்டாபேஸை உருவாக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்_டிபி டாஸ்க்கில் ஓனராக பீர்டியூப் யூசரைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் பிஜி_டிரிஜிஎம், அன்அக்சென்ட் என்ற இரண்டு போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், அவை இல்லாமல் பீர்டியூப் கிளம்பாது.

கடலோரம்:
டாக்கரில் போட்டிருந்தால் இந்தத் தலைவலியே வந்திருக்காது. டாக்கரின் போஸ்ட்கிரெஸ் இமேஜில் (தயாராகக் கிடைக்கும் பொதி) நாம் கொடுக்கிற யூசரே சூப்பர்யூசர், எல்லா அதிகாரமும் உண்டு.

பழைய_டெபியன்:
அதுதான் எனக்குப் பிடிக்காதது. வெளியில் திறந்திருக்கிற ஒரு ஆப்புக்கு எதற்கு சூப்பர்யூசர்? இமேஜை 13-இலிருந்து 15-க்கு மாற்றிப் பாருங்கள், டேட்டா இருக்கும் பழைய வால்யூமை வைத்துக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்துதான் ஆக வேண்டும்.

கடலோரம்:
நேரடியாக நிறுவினாலும் பதிப்பு மாற்ற பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கட்டளையை ஓட்டத்தானே வேண்டும்? வேலை இரண்டிலும் இருக்கிறது. குழுவில் ஒரே ஆள் சர்வரைப் பார்க்கிறார் என்றால் நான் டாக்கரைத்தான் சொல்வேன்.

மெய்நிகர்:
இதற்குத் தனி இழை போடலாமே. தம்பி, என்ன ஆயிற்று?

தறிக்கார_தம்பி:
ஓனர் வரி சேர்த்தேன், வந்துவிட்டது. நன்றி மெய்நிகர் அண்ணா.

பழைய_டெபியன்:
வெயிட்_ஃபார் சேர்த்தீர்களா?