காட்டு இஞ்சி நிஜமாகவே அழிவின் விளிம்பில் இருக்கிறதா?

புல்லும்பூவும்:
சைஃபோனோகைலஸ் ஏத்தியோபிகஸ் என்கிற ஆப்பிரிக்கக் காட்டு இஞ்சியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சவானா எனப்படும், மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளிகளில் மரங்களுக்கு அடியில், தரையோடு தரையாக இளஞ்சிவப்பில் பூக்குமே, அதுதான். தென்னாப்பிரிக்கச் செம்பட்டியலில், அதாவது எந்த இனம் எவ்வளவு அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியலில், ‘அழிவின் விளிம்பில்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் பரவல் வரைபடத்தைப் பார்த்தால் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரைக்கும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரைக்கும் இருக்கிறது. போதாக்குறைக்குத் தென்னாப்பிரிக்க நர்சரிகளிலேயே விற்கிறார்கள். காசு கொடுத்தால் கிடைக்கிற செடி எப்படி அழிவின் விளிம்பில் இருக்க முடியும்? கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ?

கிழங்கு வேட்டை:
மிகை இல்லை. அது தென்னாப்பிரிக்க எல்லைக்குள் மட்டும் போட்ட கணக்கு. உலகப் பட்டியல் வேறு, நாட்டுப் பட்டியல் வேறு. 2009ல் தங்கள் நாட்டுத் தாவரங்கள் 20,000க்கும் மேற்பட்டவற்றை ஒன்று விடாமல் மதிப்பிட்டுப் பட்டியல் போட்டவர்கள் அவர்கள், சும்மா பயமுறுத்துகிற ஆட்கள் இல்லை. அப்புறம், எத்தனை செடி மிச்சம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, என்ன வேகத்தில் குறைகிறது என்பதும் கணக்கு. 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 80 சதவீதம் குறைந்தாலே இந்த நிலைக்கு வந்துவிடும்.

இந்தச் செடியின் பிரச்சினையே அதன் கிழங்குதான். குளிர்காலத்தில் இலையெல்லாம் காய்ந்து போய், வறட்சியையும் காட்டுத்தீயையும் மண்ணுக்கடியில் கிழங்காகவே கடந்து, அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். அந்தக் கிழங்கைத்தான் இருமல், சளி, ஆஸ்துமா என்று நாட்டு வைத்தியத்துக்குத் தோண்டுகிறார்கள். இலை பறித்தால் துளிர்க்கும், கிழங்கைத் தோண்டினால் செடியே போச்சு. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இயற்கையாக வளர்ந்ததெல்லாம் போய்விட்டது என்றுதான் கருதப்படுகிறது. லிம்போபோ, இம்புமலாங்கா மாகாணங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம்.

தொட்டிச்செடி:
நர்சரி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் ஆயிரம் தொட்டி இருந்தாலும் செம்பட்டியல் கணக்கில் பூஜ்யம்தான், காட்டில் தானாக வளர்வதைத்தான் எண்ணுவார்கள். நர்சரிச் செடிகளில் பல, ஒரே கிழங்கைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியவை. நூறு செடி இருக்கும், மரபணு ஒன்றுதான்.

அதற்காக நர்சரி வேண்டாத வேலை என்று சொல்லவில்லை. திசு வளர்ப்பு முறையிலும், அதாவது ஆய்வகத்தில் செடியின் சிறு துண்டிலிருந்து புதுச் செடிகளை வளர்க்கும் முறையிலும், இதைப் பெருக்க முடிகிறது. டர்பனின் வார்விக் சந்தை, ஜோகன்னஸ்பர்க்கின் ஃபாரடே சந்தை மாதிரி நாட்டு மருந்து விற்கும் இடங்களுக்கு வளர்த்த கிழங்கு போனால் காட்டுக்குச் சுமை குறையும். ஆனால் காட்டில் தோண்டியதற்குத்தான் வீரியம் அதிகம் என்று நினைப்பவர்கள் நிறைய. அதை மாற்றுவது எந்தத் திசு வளர்ப்பையும் விடக் கஷ்டம்.

புல்லும்பூவும்:
சரி, புரிகிறது. அப்படியானால் கிழங்குக்குப் பதில் இலையைப் பயன்படுத்தச் சொல்லலாமே?

கிழங்கு வேட்டை:
அந்த யோசனையை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், வாசனையும் இலையில் உண்டு. ஆனால் சளி, இருமல் அதிகமாக வருகிற குளிர்காலத்தில்தான் இலையே இருக்காது! காய வைத்துச் சேமிக்கலாம், அதற்கு வளர்ப்பவர், வைத்தியர், வியாபாரி மூவரும் ஒத்துவர வேண்டும். வைத்தியர்களைத் திட்டுவதிலும் அர்த்தமில்லை, பெரும்பாலும் தோண்டிக் கொண்டுவருபவர்கள் வேறு ஆட்கள், வயிற்றுப்பாட்டுக்காகச் செய்பவர்கள்.

வரைபடப் பூச்சி:
யாருமே வரைபடத்தைப் பற்றிப் பேசவில்லையே. அந்தப் புள்ளிகளை அப்படியே நம்பாதீர்கள். பழைய உலர்தாவரத் தாள்களிலிருந்து (செடியைக் காய வைத்து ஒட்டிப் பாதுகாக்கும் தாள்கள்) எடுத்த பதிவும் அதில் புள்ளியாகத்தான் தெரியும், அந்த இடத்தில் செடி காணாமல் போய்ப் பல காலம் ஆகியிருந்தாலும். ஒவ்வொரு புள்ளியும் எந்த ஆண்டுப் பதிவு என்று பாருங்கள், ‘பரவலாக இருக்கிறது’ என்ற எண்ணம் கொஞ்சம் இளைத்துவிடும். இன்னொன்று, ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி, பார்த்த உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவு செய்யும் தளங்களில் அருகிய இனங்களின் இடத்தை வேண்டுமென்றே தள்ளித்தான் காட்டுவார்கள், தோண்டுகிறவர்களுக்கு வழி காட்டக் கூடாதே. உங்களில் யாராவது அங்கே போய்ப் பார்த்துப் படம் போட்டால், தயவு செய்து படத்திலிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள்.