டாஃப் எடுக்க 6 நிமிடம் 40 விநாடி: பிள்ளைகளின் கையை விரட்டாமல் எங்கே குறைக்கலாம்?

கல்லாவி மேஸ்திரி:

எல்லோருக்கும் வணக்கம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு சின்ன நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் (இழையை முறுக்கி நூலாக்கிப் பாபினில் சுற்றும் மெஷின்) ஷிஃப்ட் மேஸ்திரியாக இருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருஷம் நானே டாஃபர். நூல் நிரம்பிய பாபினை, அதாவது காப்பை, உருவிவிட்டுக் காலி பாபின் மாட்டுவதுதான் டாஃப். எங்களிடம் 12 மெஷின், ஒவ்வொன்றிலும் 1008 ஸ்பிண்டில் (பாபின் மாட்டிச் சுழலும் தண்டு). ஆட்டோ டாஃபர் கிடையாது, எல்லாம் கைவேலைதான். ஓடுவது 40ஆம் நம்பர் கார்டட் நூல், ஸ்பிண்டில் வேகம் நிமிடத்துக்கு 18,000 சுற்று. ஒரு காப் 50 கிராம் நிரம்ப மூன்றேகால் மணி நேரம் ஆகிறது.

மெஷின் நின்றதிலிருந்து காலி பாபின் போட்டு மறுபடி ஓட விடும் வரை சராசரி 6 நிமிடம் 40 விநாடி போகிறது. இதை 5 நிமிடத்துக்குள் கொண்டு வா என்கிறார்கள். எப்படி என்று கேட்டால், "பிள்ளைகளைக் கொஞ்சம் விரட்டு" என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் ஒரு நோட்டும் செல்போன் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொண்டு பத்து டாஃபைப் பக்கத்தில் நின்று எழுதினேன். மெஷின் நின்ற பிறகு ஆள் வந்து சேர 50 விநாடி. காப் உருவிக் காலி பாபின் செருக 3 நிமிடம் 30 விநாடி. நடுவில் காலி பாபின் தீர்ந்துபோய் ஒருவர் ஓடிப் போய்க் கூடை எடுத்து வர 40 விநாடி. கடைசியில் பாபினை அமுக்கிவிட்டு, லாப்பெட்டை (ஸ்பிண்டிலுக்கு மேலே இழைக்கு வழிகாட்டும் பட்டை) இறக்கி, ஓட விட்டு, சரியாக உட்காராததைத் திரும்பத் தட்டி உட்கார வைக்க 1 நிமிடம் 40 விநாடி.

ஒரு மெஷினுக்கு டாஃபர் ஆறு பேர் என்றால் ஆளுக்கு 168 ஸ்பிண்டில். மூன்றரை நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்றால் ஒரு ஸ்பிண்டிலுக்கு ஒன்றேகால் விநாடி. இடது கை காப்பை உருவுகிறது, அது பெட்டியில் விழுவதற்குள் வலது கை காலி பாபினைச் செருகி விடுகிறது. இதற்கு மேல் எந்தக் கையை விரட்டுவது? கட்டை விரல் மடிப்பில் நூல் அறுத்த கோடு எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு இன்னும் மறையவில்லை.

இன்னொரு பக்கம், ஓட விட்டதும் 60, 65 இழை அறுந்து நிற்கிறது. சைடர் இரண்டு பேரும் அதை ஒட்டி முடிப்பதற்குள் பக்கத்து மெஷினில் கவனம் போய்விடுகிறது. அங்கே அறுந்த இழை எல்லாம் உறிஞ்சு குழாயில் கழிவாகப் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது மாங்காய் சீசன் வேறு. எங்கள் டாஃபர் பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லாவி, சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். கிருஷ்ணகிரியில் கூழ் ஃபேக்டரி ஓட ஆரம்பித்ததும் தினக்கூலிக்கு அங்கே போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே கிடைப்பது கையில் உடனே வருகிற காசு. ஆனால் ஆறு பேர் வேலையை நான்கு பேர் செய்யும்போது நான் சொன்ன நேரம் எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது.

ஆட்டோ டாஃபர் வாங்கச் சொல்லிப் பதில் போட வேண்டாம், அது என் கையில் இல்லை. இருக்கிற மெஷினிலேயே, டாஃப் எடுக்கிறவரின் முதுகும் விரலும் கெடாமல், இந்த நேரத்தை எங்கே குறைக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு ஃபிட்டர்:

தங்கச்சி, நேரத்தைப் பிரித்து எழுதிய விதம் ரொம்பச் சரி. கோயம்புத்தூர் பக்கம் முப்பது வருஷம் ரிங் ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு உறுத்துவது உன் கடைசி 1 நிமிடம் 40 விநாடியும் அந்த 65 இழையும்தான். இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கும்.

காலி பாபின் ஸ்பிண்டிலில் முழுசாக உட்கார வேண்டும். உட்காராததற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஸ்பிண்டில் அடியில் சேருகிற பழைய நூல். ஒவ்வொரு டாஃபிலும் ரிங் ரயில் (மேலும் கீழும் போய் நூலைப் பாபினில் பரப்பிச் சுற்ற வைக்கும் சட்டம்) கீழே இறங்கி இரண்டு மூன்று சுற்று அடியில் சுற்றுகிறது. அந்த நூல் பிடித்துக்கொள்வதால்தான் காப்பை உருவினாலும் இழை கையை விட்டுப் போகாமல் புதுப் பாபினில் ஏறுகிறது. ஆனால் அந்தச் சுற்றை யாரும் எடுக்காமல் விட்டால் நாளுக்கு ஏழு டாஃப், வாரத்துக்கு ஐம்பது டாஃப். ஒரு மோதிரம் மாதிரி கெட்டியாகிவிடும். அதன் மேல் பாபின் ஒரு நூலளவு தூக்கி நிற்கும். ஓட விட்டதும் ஆடும், இழை அறுக்கும். இதை எடுக்கப் பிளேடு கொடுக்காதே. ஸ்பிண்டிலில் கீறல் விழுந்தால் அப்புறம் நூல் அங்கேயே மாட்டும். பித்தளைக் கொக்கி போதும்.

இரண்டாவது, ரயில் நிற்கிற இடம். 12 மெஷினிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார். ஒரு மெஷினில் ஒரு சுற்றுதான் விழும், இன்னொன்றில் ஆறு விழும். குறைந்தால் இழை பிடிக்காது, கூடினால் நான் சொன்ன மோதிரம் சீக்கிரம் சேரும்.

மூன்றாவது, பாபின். இரண்டு மூன்று கம்பெனி பாபின் கலந்து ஓடினால் உள் துவாரம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒன்று இறுகும், ஒன்று லொடலொடக்கும். டாஃபர் பிள்ளை ஒவ்வொன்றையும் வேறு வேறு அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். வேகம் அங்கேதான் போகிறது.

அப்புறம், இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருக்கிற மெஷின் என்றால் ஆரம்ப வேகத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வை. காப் அடி கட்டும் வரை பலூன் (சுழலும்போது இழை வெளியே விரிகிற வளைவு) பெரிதாக இருக்கும், அப்போது 18,000 வேண்டாம்.

அரூர் பொண்ணு:

அக்கா, நான் இப்போது ஈரோட்டுப் பக்கம் ஆட்டோ டாஃப் இருக்கிற மில்லில் சைடர். முன்பு நானும் கையால் எடுத்தவள்தான். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், உங்கள் தள்ளுவண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பாருங்கள். எங்கள் பழைய மில்லில் வண்டியை இழுக்கவே ஒரு கை பலம் போகும். காப் நிறைய நிறைய இன்னும் கனக்கும். நாங்கள் எங்களுக்குத்தான் தெம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு காலி பாபின் தட்டு இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு முழங்கால் உயரத்தில் இருந்தது. 168 தடவை குனிந்து பாருங்கள், சாயங்காலம் களி கிண்டக்கூட இடுப்பு வளையாது.

நூற்புத் துறை மாஸ்டர்:

மற்றவர்கள் மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் வரிசையைப் பற்றிக் கேட்கிறேன். உங்கள் 12 மெஷினும் எந்த எந்த நேரத்தில் டாஃபுக்கு வருகின்றன?

காப் நிரம்ப 197 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 12 மெஷினும் சீராகப் பிரிந்திருந்தால் 16 நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். டாஃப் ஆறேமுக்கால் நிமிடம் போனாலும் நடுவில் ஒன்பது நிமிடம் மிச்சம். காப்பை ஆட்டோகோனருக்கு (காப் நூலைப் பெரிய கோனில் சுற்றும் மெஷின்) தள்ளி, காலி பாபின் அடுக்கி, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த மெஷினுக்கு வரலாம். அப்படி இல்லாமல் மூன்று மெஷின் ஒன்றாக வந்தால், மூன்றாவது மெஷின் முதல் இரண்டுக்காகப் பதிமூன்று நிமிடம் சும்மா நிற்கும். அந்த நஷ்டம் உங்கள் ஸ்டாப்வாட்சில் வரவே வராது. நின்ற மெஷினில் நூல் தளர்ந்து சுருண்டுகொள்வதால் ஓட விட்டதும் அறுப்பும் கூடும்.

பெரும்பாலும் இது பண்டிகை விடுமுறைக்குப் பிறகு நடக்கும். எல்லாவற்றையும் காலி பண்ணி மூடி, திறக்கிற அன்று காலையில் ஒரே நேரத்தில் ஓட விடுவார்கள். அதைச் சரிசெய்ய மெஷினைப் பதினாறு பதினாறு நிமிடமாகக் காத்திருந்து ஓட விடாதீர்கள். கூட்டிப் பார்த்தால் 18 மெஷின் மணி நேரம் வீண். ஒரு மெஷின் மணிக்குப் பதினைந்து கிலோ கொடுக்கும்போது அது பெரிய காசு. எல்லாவற்றையும் ஓட விட்டுவிட்டு, ஆறு மெஷினை மட்டும் முதல் தடவை அரைக் காப்பிலேயே எடுத்துவிடுங்கள். கூடுதலாக ஆறு டாஃப், அவ்வளவுதான் செலவு. மீதி இடைவெளியை இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் முன்னே பின்னே எடுத்துச் சரிசெய்யலாம். அரைக் காப்பை மட்டும் தனிக் கூடையில் ஆட்டோகோனருக்கு அனுப்புங்கள், முழுக் காப்போடு கலந்தால் அங்கே திட்டுவார்கள்.

கல்லாவி மேஸ்திரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அரூர் தங்கச்சி சொன்னதைத்தான் முதலில் பார்த்தேன், அது செலவில்லாதது என்பதால். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஷிஃப்டில் ஒரு வண்டியைக் கவிழ்த்தோம். சக்கரம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பஞ்சும் நூலும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி கறுப்பாக இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் திரியாகத் திரியாக வந்தது. ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் இரண்டு கைப்பிடி. எட்டு வண்டியையும் சுத்தம் பண்ண மூன்று மணி நேரம் ஆனது. முடித்த பிறகு ஒரு பிள்ளை நிறைந்த வண்டியை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினாள். எனக்குச் சந்தோஷத்தை விடக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷம் நானும் இதே வண்டியைத்தான் இழுத்தேன். ஒரு நாள்கூடக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாபின் தட்டை வெல்டரிடம் சொல்லி இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம். ஒவ்வொரு வண்டியிலும் 168க்குப் பதிலாக 175 காலி பாபின் எண்ணி வைக்கிறோம். ஓடிப் போய்க் கூடை எடுத்து வருகிற அந்த 40 விநாடி முழுதாக நின்றுவிட்டது.

ஃபிட்டர் அண்ணன் சொன்ன நூல் மோதிரம் அப்படியே இருந்தது. ஏழாம் நம்பர் மெஷினில் அதிகம், அங்கே ரயில் மற்றதை விடக் கீழே இறங்கி நின்று ஐந்தாறு சுற்று போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஃபிட்டர் தம்பி அதைச் சரிசெய்தார். பித்தளைக் கொக்கி பத்து அடித்து வாங்கினோம். ஒரு நாளைக்கு இரண்டு மெஷின் என்று முறை போட்டு, டாஃபுக்கு மெஷின் நிற்கும்போதே ஒருவர் அடியைச் சுத்தம் பண்ணுகிறார். அந்த மெஷினில் அன்றைக்கு ஒரு டாஃப் மூன்று நிமிடம் கூடுதலாகிறது, பரவாயில்லை. பாபின் பிரிப்பதுதான் இன்னும் பாதியில் நிற்கிறது. பச்சை நிறத்திலேயே இரண்டு கம்பெனிப் பாபின் கலந்திருப்பதால் உள்ளே விரல் விட்டுப் பார்த்துத்தான் பிரிக்க முடிகிறது.

மாஸ்டர் சார் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. ஒரு வெள்ளைப் பலகை வைத்து, ஒவ்வொரு மெஷினும் ஓட விட்ட நேரத்தையும் அடுத்த டாஃப் நேரத்தையும் எழுத ஆரம்பித்தோம். இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது, 3, 4, 9, 10 நான்கும் பத்து நிமிடத்துக்குள் ஒன்றாக வருகின்றன. அதற்கு அப்புறம் முக்கால் மணி நேரம் எதுவும் வருவதில்லை. 4ஐயும் 10ஐயும் அரைக் காப்பில் எடுத்துத் தள்ளி வைத்தேன். இப்போது பிள்ளைகள் பலகையைப் பார்த்து, மெஷின் நிற்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே அவரவர் இடத்தில் வண்டியோடு நிற்கிறார்கள். ஆள் சேர ஆன 50 விநாடி பத்து விநாடியாகிவிட்டது.

இந்த வாரக் கணக்கு: சராசரி 4 நிமிடம் 50 விநாடி. உருவிச் செருகுகிற நேரம் அதே மூன்றரை நிமிடம்தான், அதை நான் தொடவே இல்லை. ஓட விட்டதும் அறுக்கிற இழை 30க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 85 டாஃப், ஒவ்வொன்றிலும் ஒன்றேமுக்கால் நிமிடத்துக்கு மேல் மிச்சம் என்றால் இரண்டரை மெஷின் மணி நேரம். நாற்பது கிலோ நூலுக்குக் கிட்டே வருகிறது. இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய்ச் சீசன் முடியும் வரை டாஃபருக்கு நாள் சம்பளத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கக் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஃபிட்டர் அண்ணே, ஒரு சந்தேகம் பாக்கி. இன்வெர்ட்டர் ஐந்து மெஷினில் மட்டும்தான் இருக்கிறது. ஆரம்ப வேகத்தை 14,000க்கு இறக்கிப் பார்த்ததில் அறுப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் காப்பில் எவ்வளவு உயரம் வரை அந்த வேகத்திலேயே விடலாம்? எங்கள் தம்பி அடி கட்டி முடியும் வரை என்கிறார், மேனேஜர் ஐந்து நிமிடம் போதும் என்கிறார். நீங்கள் எப்படி வைத்தீர்கள்?

பாலக்கோடு ஃபிட்டர்:

தம்பி சொல்வதுதான் சரி தங்கச்சி, அடி கட்டி முடியும் வரை விடு. ஆனால் ஒரே அடியில் 18,000க்குத் தூக்காமல் இரண்டு படியாக ஏற்று. ஏற்றுகிற இடத்தில் அறுப்பு எண்ணிப் பார், எந்த இடத்தில் கூடுகிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே தள்ளி வை. ஏழாம் நம்பரில் செய்யாதே, அதன் ரயிலை இப்போதுதான் தொட்டிருக்கிறீர்கள், எது எதனால் என்று தெரியாமல் போகும்.