உலகின் மிகப் பழைய திரையரங்கு லா சியோத்தாவின் ஈடன்தானா?

பனைநிலவன் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். தெற்குப் பிரான்சில், மார்செய் நகருக்கு அருகே கடலை ஒட்டி லா சியோத்தா என்னும் சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. இன்றும் படம் ஓடும் திரையரங்குகளில் உலகிலேயே பழையது அங்குள்ள ஈடன் தியேட்டர்தான் என்று பல இடங்களில் படிக்கிறேன். ஆனால் சினிமாக் கருவியை உருவாக்கிய லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28 அன்று, பாரிஸின் கிராண்ட் கஃபேயில் என்றுதானே நாம் அறிந்திருக்கிறோம்? அப்படியிருக்க, கப்பல் கட்டும் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு சிற்றூருக்கு இந்தப் பெருமை எப்படி வந்தது? இடையில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த அரங்கை இன்றும் இயங்குவதாகக் கணக்கில் சேர்ப்பது முறையா? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

கொட்டகைப்பித்தன் எழுதியது:

தாங்கள் குறிப்பிடும் பாரிஸ் காட்சி நடந்தது திரையரங்கில் அல்ல, ஒரு காபிக் கடையின் நிலவறையில். நுழைவுக் கட்டணம் ஒரு ஃபிராங்க்; முதல் நாள் பணம் கொடுத்துப் பார்த்தவர்கள் 33 பேர். முதல் காட்சி நடந்த இடம் எது என்பதும், படம் காட்டிய அரங்குகளில் இன்றும் நிலைத்திருப்பது எது என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஈடன் இரண்டாவது கேள்விக்கு உரியது.

அந்த அரங்கு 1889 ஜூன் 15 அன்று திறக்கப்பட்டபோது சினிமாவே பிறந்திருக்கவில்லை. நாடகம், இசை நிகழ்ச்சி, மல்யுத்தம் என எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த பொது அரங்காகவே அது எழுந்தது. லியோனில் புகைப்படத் தகடு தொழிற்சாலை நடத்திய அந்துவான் லூமியேர், அதாவது சகோதரர்களின் தந்தை, லா சியோத்தாவில் பெரிய மாளிகை கட்டிக் குடும்பத்துடன் கோடையைக் கழித்து வந்தார். 1895 செப்டம்பரில், பாரிஸ் காட்சிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, அந்த மாளிகையில் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் படம் காட்டப்பட்டது. ஈடனின் அப்போதைய உரிமையாளர் அந்துவானின் நண்பர் என்பதால், லூமியேர்களின் படக்கருவி அங்கே போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. 1899 மார்ச் 21 அன்று 250 பேர் முன்னிலையில் ஈடனில் படக்காட்சி நடந்தது. திரையரங்கு என்ற அதன் வயதை அந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. நிலையத்துக்குள் ரயில் நுழையும் அந்தப் புகழ்பெற்ற படம் இதே ஊரின் ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. பிளாட்பாரத்தில் நிற்பவர்களில் லூமியேர் குடும்பத்தினரும் உண்டு. துறைமுகத்தை விட்டுப் படகு வெளியேறும் காட்சியும் இங்கே எடுத்ததுதான். சினிமாவின் தொடக்கத்திலேயே தன் அன்றாடத்தைத் திரையில் ஏற்றிக்கொண்ட சிற்றூர்கள் மிகச் சில.

விளக்கொளி எழுதியது:

ரயில் பாய்ந்து வருவதாக எண்ணி மக்கள் அலறி ஓடினார்கள் என்ற கதை இந்த இழையிலும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 1895 டிசம்பர் 28 அன்று காட்டிய பத்துப் படங்களில் ரயில் படம் இல்லை. அது 1896இல்தான் திரைக்கு வந்தது. மக்கள் ஓடியதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லாய்பெர்டிங்கர் தெளிவாக எழுதியிருக்கிறார்.

லூமியேர்களின் கருவியைப் பற்றியும் ஒரு சொல். படம்பிடிக்க, பிரதி எடுக்க, திரையில் காட்ட என மூன்றுக்கும் ஒரே மரப்பெட்டிதான். ஆபரேட்டர் கையால் கைப்பிடியைச் சுழற்ற, நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்கள் ஓடும். 17 மீட்டர் சுருள் ஐம்பது நொடியில் தீர்ந்துவிடும். அந்தக் காலப் பிலிம் நைட்ரேட் என்பதால் வெப்பம் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவே நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்றை வைத்தார்கள். அது ஒளியைக் குவிக்கும், வெப்பத்தை உள்வாங்கும். குடுவை உடைந்தால் ஒளி குவியாமல் சிதறிவிடும் என்பதால் பிலிம் எரியும் ஆபத்தும் குறையும். வேறொரு படக்கருவியின் ஈதர் விளக்கால் 1897 மே மாதம் பாரிஸில் நன்கொடை திரட்ட நடந்த சந்தை ஒன்றில் மூண்ட தீ 120க்கும் மேற்பட்டோரைக் கொன்றது என்பதை நினைத்தால், இந்தக் குடுவையின் அருமை புரியும்.

கோவைத்தம்பி எழுதியது:

மூடிக் கிடந்த காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதித் பியாஃப், இவ் மோந்தான் போன்றோர் பாடிய அந்த மேடை, 1980களின் தொடக்கத்தில், அரங்கை நடத்தியவர் கொள்ளையில் கொல்லப்பட்ட பிறகு வழக்கமான காட்சிகளை இழந்தது. சில ஆண்டுகள் திரைவிழாவுக்கு மட்டும் கதவு திறந்தது. 1995க்குப் பிறகு அதுவும் நின்றது. ஊரின் கப்பல் கட்டும் தளமும் அந்த ஆண்டுகளில்தான் நொடித்தது. ஆயினும் நகராட்சி 1992இல் கட்டடத்தை விலைக்கு வாங்கியது, 1996இல் அது வரலாற்றுச் சின்னமாயிற்று, மார்செய் வட்டாரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2013ஆம் ஆண்டு அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. இவற்றில் முதல் படியே முக்கியமானது என்பேன். கட்டடம் தனியார் கையிலேயே இருந்திருந்தால் கடலைப் பார்த்த அந்த மனை என்றோ கைமாறியிருக்கும்.

நம் ஊர்க் கதையோ வேறு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறிய அந்த அரங்கு இடிக்கப்பட்டுவிட்டது. அதை வாங்கிக் காக்க எந்த அரசு அமைப்பும் முன்வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கொட்டகைப்பித்தன் எழுதியது:

கணக்கு முறையா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இடைவிடாமல் இயங்கியதுதான் அளவுகோல் என்றால் 1908இல் திறந்த டென்மார்க்கின் கோர்சோர் நகரத் திரையரங்கு போன்றவற்றையே முன்னால் வைக்க வேண்டும். படம் காட்டிய கட்டடம் நின்று, அதே கட்டடத்தில் இன்றும் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க முடிய வேண்டும் என்பதே அளவுகோல் என்றால் ஈடனுக்கு அந்த உரிமை உண்டு. நான் இரண்டாவதையே ஏற்கிறேன், ஏனெனில் பூட்டிக் கிடந்த ஆண்டுகளிலும் அது கிடங்காகவோ கடையாகவோ மாறாமல் அரங்காகவே காத்திருந்தது.