மலையில் தனியாக இருந்தவர் என்னிடம் கேட்டது

ஊரை விட்டுப் போய் மலையிலோ காட்டிலோ தன்னந்தனியாக வாழ்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஆனால் முனிவர் மாதிரித் தோற்றமெல்லாம் அவரிடம் கிடையாது.

ஆறேழு வருடம் இருக்கும். மலையேறப் போன இடத்தில் பாதை தவறிவிட்டது. ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் எங்காவது போய்ச் சேரலாம் என்று நடந்தேன் (அப்படிச் செய்யவே கூடாது, ஓடை பல சமயம் செங்குத்துப் பாறையில்தான் கொண்டுபோய் நிறுத்தும், அது வேறு கதை). ஒரு திருப்பத்தில் பார்த்தால் கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருக்கிறது. பின்னால் கல்லை அடுக்கி மேலே தார்ப்பாய் போட்ட குடிசை. வாசலில் அறுபது வயதுக்காரர் ஒருவர்.

பேசவே மாட்டார் என்று நினைத்தேன். மனிதர் நிறுத்தவே இல்லை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போனால் மழை, எந்த மரத்து விறகு ஈரத்திலும் பற்றும் என்று ஒன்றை விட்டு ஒன்று தாவி இரண்டரை மணி நேரம். வந்து பதினோரு வருடமாம். ஏன் வந்தீர்கள் என்றதற்கு மட்டும் "சும்மாதான்" என்று முடித்துக்கொண்டார். இன்று என்ன தேதி என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ச் சுவரில் கரியால் போட்டிருந்த கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, விட்டுப்போன நான்கு கோட்டையும் சேர்த்து இழுத்தார்.

என் கண் அவருடைய மூக்குக்கண்ணாடியிலேயே இருந்தது. ஒரு பக்கம் காதில் மாட்டும் கம்பி இல்லை, அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி, காது அறுக்காமலிருக்கத் துணி சுற்றியிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பாம்பு, குளிர் எல்லாம் பழகிவிடும் தம்பி, கண்ணும் பல்லும்தான் ஆளைக் கீழே இறக்கும்" என்றார். ஒரு கடைவாய்ப் பல்லுக்காக வீங்கிய கன்னத்தோடு ஒன்றரை நாள் நடந்து இறங்கி, பிடுங்கிக்கொண்டு, பேருந்து நிலையத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஏறினாராம்.

அதற்கப்புறம்தான் இப்படிப் போனவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கிறிஸ்டோபர் நைட், 1986இல் 20 வயதில் காட்டுக்குள் போனவர், 2013இல்தான் பிடிபட்டார். இடைப்பட்ட 27 வருடத்தில் வழியில் எதிர்ப்பட்ட ஒருவரிடம் ஒரு தடவை "ஹாய்" என்றதுதான் தன் மொத்தப் பேச்சு என்றார். புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த ஊர்ப் பனியிலும் நெருப்பு மூட்டவில்லை. கேட்கும்போது பிரமிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சாப்பாடு, பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் சுற்றியிருந்த விடுமுறை வீடுகளில் திருடியது. ஆயிரம் தடவைக்குப் பக்கம்! அவர் போட்டிருந்ததும் பள்ளிக் காலத்துக் கண்ணாடியேதான். சைபீரியாவில் லிகோவ் குடும்பம் 1936இல் மதத்துக்காக ஓடி ஒளிந்தது, 1978இல் புவியியல் ஆய்வாளர்கள் போய்ப் பார்க்கும்வரை ஏறக்குறைய ஆள் முகமே பார்க்காமல் இருந்தது. முதலில் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றவர்கள் உப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆக, முழுக்க அறுத்துக்கொண்டு போனவர் என்று நான் யாரையும் நம்புவதில்லை. எங்கோ ஒரு நூல் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், கண்ணாடியோ உப்போ. அதைக் குறையாகவும் சொல்லவில்லை.

சரி, என் ஆளுக்கு வருகிறேன். கிளம்பும்போது வழியெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, என் நெற்றி விளக்கைக் காட்டி, "அதில் இருக்கிற பேட்டரி கிடைக்குமா?" என்றார். உள்ளேயிருந்து ஒரு சின்ன ரேடியோ வந்தது. அளவு சரியாக இருந்தது. மாற்றிப் போட்டதும் கரகரவென்று ஒரு குரல், அவ்வளவு நேரம் பேசிய மனிதர் அதோடு என்னை மறந்தேவிட்டார்.

கடைசி அரை மணி நேரம் இருட்டில் காலால் தடவித் தடவித்தான் நடந்தேன். பின்னால் வெகுதூரம் வரைக்கும் யாரோ வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.